வாலில் நான்கு எஞ்சின்

சென்னையிலிருந்து உள்நாட்டில் எங்கே பறந்தாலும் இன்றைக்குப் பெரும்பாலும் இரண்டே வகை விமானம்தான். ஏர்பஸ் ஏ320 குடும்பம், இல்லையென்றால் போயிங் 737. டெல்லிக்கும் அதே குழாய், கோவைக்கும் அதே குழாய். நடுவில் ஒரு நடைபாதை, இந்தப் பக்கம் மூன்று சீட்டு, அந்தப் பக்கம் மூன்று சீட்டு. சேலம், தூத்துக்குடி என்று போகிறவர்களுக்கு ஏடிஆர் கிடைக்கிறது. அவர்களில் பாதிப் பேர் "ஐயோ, ஃபேன் வெச்ச ஃப்ளைட்டா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். நான் அந்த ஃபேன் வெச்ச ஃப்ளைட்டுக்காகவே டிக்கெட் எடுக்கிற ரகம். என்ன விமானம் என்று முதலில் பார்ப்பேன், அது எந்த ஊருக்குப் போகிறது என்று அப்புறம் பார்ப்பேன். என்னோடு வெளியூர் கிளம்பத் துணிகிற நண்பர்களிடம் என் மனைவி இதை முன்கூட்டியே சொல்லி எச்சரித்துவிடுவாள்.

பல்லாவரத்தில் வளர்ந்த பையனுக்கு இந்தப் பித்து வராமல் இருந்தால்தான் அதிசயம். திரிசூலம் ரயில் நிலையத்தில் நின்றால் தலைக்கு மேலே எல்லாமே வந்தது. இந்தியன் ஏர்லைன்ஸின் 737-200 வயிற்றைக் கலக்கும் சத்தத்தோடு எழும்பும். அகன்ற ஏ300 அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்ளாமல் இறங்கும். 1989இல் ஏ320 வந்தது. அடுத்த பிப்ரவரியிலேயே பெங்களூரில் ஒன்று விழுந்து, அந்த வகையையே சில மாதம் தரையில் நிறுத்திவைத்தார்கள். தொண்ணூறுகளில் காற்றாலைக் கம்பெனியான நெப்சி, சென்னையைத் தளமாகக் கொண்டு விமானம் விட ஆரம்பித்தது. ஃபோக்கர் எஃப்27, இறக்கை மேலே, ஜன்னல் பெரிசு. எங்கள் வீட்டில் அப்போது விமானம் ஏறுகிற வசதி யாருக்கும் இல்லை. நான் சம்பாதிக்கத் தொடங்கியபோது நெப்சியும் இல்லை, ஃபோக்கரும் இல்லை. அப்புறம் பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005இல் எம்ப்ரேயர் விமானங்களோடு வந்தது, இரண்டு இரண்டு சீட்டாக, நடுச் சீட்டு என்பதே இல்லாமல். 2010இல் அதுவும் போனது. அதையாவது விடாமல் பிடித்தேன். மதுரையில் வேலை எதுவும் இல்லாதபோதும் மதுரைக்குப் போய்வந்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எனக்கு, யாழ்ப்பாணம் போன ஒரு பயணத்துக்குப் பிறகு ஒரு விஷயம் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்துபோக மாட்டேன் என்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்தப் பயணத்தில் எனக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப்போட்டது என்பது புரியாது.

ஓடுதளத்தைப் பார்

டிக்கெட் விற்கிற எந்தத் தளத்திலும் 'விவரங்கள்' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் விமானத்தின் வகை தெரியும். பெயர் இல்லாவிட்டால் குறியீடு இருக்கும்: 744 என்றால் போயிங் 747-400, 388 என்றால் ஏ380, 343 என்றால் நான்கு எஞ்சின் ஏ340-300, ஏடி7 என்றால் ஏடிஆர் 72. லுஃப்தான்சா பெங்களூருக்கு 747 விட்டுக்கொண்டிருந்த காலத்தில், சென்னையிலிருந்தே பிராங்க்பர்ட்டுக்கு நேரடி விமானம் இருந்தும், நான் ரயிலேறி பெங்களூர் போய் அங்கிருந்து பறந்தேன். மாடிக்குப் போகிற படிக்கட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி, மாடி முழுக்கப் பணக்காரர்கள். ஆனாலும் நான்கு எஞ்சினும் ஒன்றாக முறுக்கேறி அந்த உடம்பு நகரத் தொடங்கும் கணம் சாதாரண வகுப்புக்கும் அதேதான்.

குறியீட்டைப் பார்த்து டிக்கெட் எடுத்தால் மட்டும் போதாது. கிளம்புகிற நாள் காலையில் விமானத்தை மாற்றிவிடுவார்கள். ஒருமுறை ஐம்பது சீட்டு எம்ப்ரேயர் 145க்காக, ஒரு பக்கம் ஒற்றைச் சீட்டு வரிசை உள்ள அந்த ஒல்லி விமானத்துக்காக, அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டுப் போய் நின்றால் வாசலில் வேறு ஏதோ நிற்கிறது. கவுண்டரில் இருந்த பெண்ணிடம் முறையிட்டேன். "சார், இது அதைவிடப் பெரிய ஏர்கிராஃப்ட்தான், உங்களுக்கு வசதியாத்தான் இருக்கும்" என்றாள். அவளிடம் என்ன சொல்வது?

பழைய வகை விமானம் ஒன்று எங்கேயாவது இன்னும் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கிறது என்றால், அதற்கு அந்த நிறுவனத்தின் பழம்பொருள் பாசம் காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் தரைதான் காரணம். கனடாவின் வடகோடியில் 737-200 இன்றைக்கும் ஓடுவது அங்குள்ள சரளைக்கல் ஓடுதளங்களால். முன்சக்கரத்தின் பின்னால் கல் தெறிக்காமல் இருக்க ஒரு தகடு, எஞ்சின் வாய்க்கு முன்னால் தரையின் காற்றைக் கலைத்துவிடுகிற மெல்லிய குழாய் என்று ஒரு தொகுப்பை போயிங் அந்தப் பழைய 737க்குத்தான் கொடுத்தது. அடுத்து வந்த 737களில் எஞ்சின் பருத்துத் தரையை உரசாத குறையாகத் தொங்குகிறது, கல்தரையில் இறங்கினால் அள்ளி விழுங்கிவிடும். நேபாள மலையூரான லுக்லாவின் ஓடுதளம் 527 மீட்டர், அதுவும் மலைச்சரிவில் ஏறத்தாழ 12 சதவீதம் மேல்நோக்கி ஏறுகிறது. 1965இல் முதன்முதலாகப் பறந்த ட்வின் ஓட்டர் வகைதான் இன்னும் அங்கே இறங்குகிறது. கொலம்பியாவின் கிழக்குச் சமவெளியில், சாலை போய்ச் சேராத ஊர்களுக்கு, இரண்டாம் உலகப்போர்க் கால டகோட்டாக்களை, அதாவது டிசி-3களை, இன்னும் விடுகிறார்கள். எனவே அட்டவணையைப் புரட்டுவதைவிட வரைபடத்தில் குட்டையான, சரிவான, தார் போடாத ஓடுதளத்தைத் தேடுவது எனக்கு அதிகம் பலன் தந்திருக்கிறது.

"அறுபது வருஷத்து விமானத்தில் ஏறுகிறாயே, பயமில்லையா?" என்று கேட்பார்கள். வயது ஒரு கணக்கு, எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பது வேறு கணக்கு. உயரப் பறக்கிற விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் அதன் உடம்பு ஒருமுறை உப்பி ஒருமுறை சுருங்குகிறது. 1988இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸின் 737-200 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. அது தீவுக்குத் தீவு தாவி 89,680 பயணங்களை முடித்திருந்தது. டிசி-3, ட்வின் ஓட்டர், டார்னியர் 228 இவற்றிலெல்லாம் காற்றழுத்தம் கிடையாது, தாழ்வாகவே பறக்கும். உப்பிச் சுருங்குகிற தொல்லை இல்லாததால் ஒழுங்காகப் பராமரித்தால் தலைமுறை தாண்டியும் ஓடும். அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நேபாள நிறுவனங்கள் அத்தனையையும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து தன் வானத்துக்குள் விடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் லுக்லாவுக்கு ஏறினேன்.

இந்தப் பித்தில் என்னைவிட முற்றியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2019 ஜனவரியில் ஈரானில் ஆசிமன் நிறுவனத்தின் போயிங் 727 கடைசிப் பயணம் போனபோது, அட்டவணைப்படி பயணிகளை ஏற்றும் 727 என்று உலகில் இருந்த கடைசி ஒன்றும் முடிந்தது. அதற்கு முன்பாக டெஹ்ரானுக்குப் பறந்து அதில் ஏறிவிட வேண்டும் என்று அலைந்தவர்கள் உண்டு. வட கொரியாவுக்கு இவர்களுக்கென்றே தனிச் சுற்றுலா நடத்தினார்கள். ஊர் பார்ப்பது பெயருக்குத்தான். ஏர் கோர்யோவின் இல்யூஷின்-62, இல்யூஷின்-18, டுப்போலெவ்-134, டுப்போலெவ்-154, அன்டோனோவ்-24 என்று சோவியத் காலத்து விமானங்களில் ஒவ்வொன்றாக ஏற்றிக் காட்டுவார்கள். நானும் ஒருநாள் இரவு அதன் கட்டணத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கணினியை மூடிவிட்டுப் படுத்தேன். இல்யூஷின்-62 எனக்கு எட்டாத பழம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. வாலடியில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு எஞ்சினையும் பின்னால் கட்டிக்கொண்டு, நீண்டு மெலிந்து நிற்கிற அழகான விமானம் அது.

பலாலிக்குப் போன ஏடிஆர்

சென்னை, யாழ்ப்பாணம் விமானம் 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் மூலம் தொடங்கியது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்ப வந்தது. 2024 செப்டம்பரிலிருந்து இண்டிகோவும் விடுகிறது. எல்லாமே ஏடிஆர், யாழ்ப்பாண விமான நிலையமான பலாலியின் ஓடுதளம் அப்படி. என் கணக்கில் ஏடிஆர் ஒன்றும் அபூர்வ வகை இல்லை, ஆனால் கடலைத் தாழ்வாகக் கடக்கும் ஏடிஆர் பயணம் எனக்குப் புதிது. ஏடிஆரில் சீட்டுத் தேர்வு செய்வதில் ஒரு சூட்சுமம் உண்டு. இறக்கைக்குக் கீழே வரும் வரிசையில் ஜன்னல் கிடைத்தால், விமானத்தின் வயிற்றோரத்திலிருந்து சக்கரம் விரிவதும் தரையைத் தொடும் நொடியில் அது சுழலத் தொடங்குவதும் அப்படியே கண்முன்னால் நடக்கும். பெரும்பாலான ஜெட் விமானங்களில் இந்தக் காட்சி கிடையாது. அந்தச் சீட்டைத்தான் பிடித்திருந்தேன்.

பின்கதவால் ஏறி உட்கார்ந்து, கழுத்தைத் திருகி விசிறியைப் பார்ப்பதும் போனில் பிடிப்பதுமாக இருந்தேன். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் என்னைக் கவனித்துவிட்டுக் கேட்டார்.

"தம்பி முதல் தரமோ பிளேன் ஏறுறியள்?"

"இல்லைங்க ஐயா."

"இல்லை, சின்னப் பிள்ளையள் மாதிரி ஜன்னலோடை ஒட்டிக்கொண்டு இருக்கிறியள். அதுதான் கேட்டனான்."

வகைவகையான விமானங்களைத் தேடிப்பிடித்து ஏறுவது என் பொழுதுபோக்கு என்று சொன்னேன். இதைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள். இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் கனக்கப் பிளேன் ஏறினனான். பேர்தான் ஒண்டும் தெரியாது" என்றார்.

பேர் தெரியாவிட்டால் பரவாயில்லை, ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள், நான் கண்டுபிடிக்கிறேன் என்றேன். ஒரு விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. அவருடைய முதல் விமானம் எழுபதுகளில், தகப்பனாரோடு சிதம்பரம் போவதற்காகப் பலாலியிலிருந்து திருச்சிக்கு. ஏர் சிலோன். என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். சத்தம் மட்டும்தான் என்றார், காதுக்குள் விசில் ஊதின மாதிரி, இறங்கின பிறகும் ஒரு மணித்தியாலம் காது கேட்கவில்லையாம். "அவ்ரோ" என்றேன். டகோட்டா என்றால் முரட்டு உறுமலாக இருந்திருக்கும். இந்த விசில் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சினுடையது. "ஓம் ஓம், அவ்ரோ எண்டுதான் அப்பா சொன்னவர்!" என்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நெப்சியின் ஃபோக்கரிலும் அதே டார்ட் எஞ்சின்தான், நான் திரிசூலத்தில் தரையில் நின்று மட்டுமே கேட்டது.

அடுத்தது 1985இன் தொடக்கத்தில். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வீட்டில் காணியை ஈடுவைத்து ஏஜென்சிக்காரனுக்குப் பணம் கட்டி அவரை அனுப்பியிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். அந்த வருடங்களில் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர் போன வழி அது: ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் பிரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் போய்த் தஞ்சம் கேட்பார்கள். அந்த வருடம் ஜூலையில் கிழக்கு ஜெர்மனி அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இவர் அதற்குச் சில மாதம் முன்பே போய்விட்டார்.

"அந்தப் பிளேனிலை என்ன ஞாபகம் இருக்கு, ஐயா?"

"எஞ்சின் எல்லாம் பின்னுக்கு. வாலடியிலை. இஞ்சாலை ரெண்டு, அங்காலை ரெண்டு."

ஏரோஃப்ளோட். இல்யூஷின்-62. நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அடுத்து மாஸ்கோவிலிருந்து பெர்லின் போன சின்ன விமானத்தைப் பற்றிக் கேட்டேன். பனிக்குள் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கினார்களாம். "அதுக்கு மூஞ்சியிலை கண்ணாடி பூட்டியிருந்தது, தம்பி" என்றார். டுப்போலெவ்-134! மூக்கு நுனியில் வழிகாட்டி அதிகாரி உட்கார்ந்து தரையைப் பார்ப்பதற்காக வைத்த கண்ணாடிக்கூண்டு. இவர் ஒரே நாளில் இரண்டையும் முடித்திருக்கிறார். நான் கேள்விகளை அடுக்கத் தொடங்கினேன். எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள்? ஜன்னலா? எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்வரிசையில் சத்தமே இருக்காது என்பார்களே, உண்மையா? ஜன்னல் திரை துணியா? எழும்பும்போது எவ்வளவு தூரம் ஓடியது?

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பள்ளிக்கூடப் பையன் ஏதோ கேட்டுவிட்டதுபோல ஒரு பொறுமை.

"தம்பி, நான் அந்தப் பிளேனிலை முழு நேரமும் என்ர சப்பாத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தனான். அதுக்குள்ளைதான் காசு. மொஸ்கோவிலை கழட்டச் சொல்லுவாங்களோ, திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ எண்ட யோசினை. ஜன்னலைப் பார்க்க ஆருக்கு மனம் வந்தது?"

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை, அவரேதான் சொன்னார். அவருடைய அம்மா பிள்ளையைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்தது 1998இல். ஏ9 சாலை மூடியிருந்த காலம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வரக் கப்பல், இல்லையென்றால் பலாலியிலிருந்து கொழும்பை ஒட்டிய இரத்மலானைக்கு விமானம். அன்டோனோவ்-24. கதவைச் சாத்திக் கிளம்பும்போது மேலேயிருந்து வெள்ளையாகப் புகை இறங்கியிருக்கிறது. தீப்பிடித்துவிட்டது என்று நினைத்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கோளறு பதிகம் சொல்லத் தொடங்கியவர் கொழும்பில் இறங்கும் வரை நிறுத்தவில்லையாம். அது புகை இல்லை. நம் பக்கத்து ஈரக்காற்றில் ஏசியைப் போட்டால் குளிர்ந்த காற்று பட்டு ஈரம் மூடுபனியாகத் திரண்டு இறங்கும், அந்தக் காலத்துச் சோவியத் விமானங்களில் அது சாதாரணம். அவரிடமும் இதைச் சொன்னேன்.

"சரி. உதை அம்மாவுக்கு ஆர் சொன்னது?"

அதே வருடம் செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய அன்டோனோவ்-24 ஒன்று மன்னாருக்கு அப்பால் கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 55 பேர். அம்மா அப்போது பத்திரமாக ஜெர்மனியில் இருந்தார். திரும்பிப் போகிற எண்ணத்தை அன்றோடு விட்டுவிட்டார்.

யாழ்ப்பாணக் கரை தெரிய ஆரம்பித்தபோது ஜன்னல் சீட்டுக்கு மாறிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நீங்கள் உங்கட சில்லைப் பாருங்கோ தம்பி. நான் இறங்கிப் பாக்கிறன்."

யாருடைய பொக்கிஷம்

விமானப் பித்தர்கள் தாங்கள் ஏறியவற்றைப் பட்டியலாக எழுதிவைப்பார்கள். வகை, வால் எண், தேதி, சீட்டு. என்னிடமும் ஒன்று உண்டு. நான் ஏற முடியாமல் போனவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். அந்த இரண்டாவது பட்டியலில் உள்ளதில் பாதியை அந்த மனிதர் ஏறி முடித்திருக்கிறார், பெயர்கூடத் தெரியாமல். அன்டோனோவ் அவருடைய அம்மாவின் கணக்கில் இருக்கிறது. பாரிஸின் லா ஷப்பெலிலும் டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் மளிகைக்கடை நடத்துகிறவர்களில் எத்தனை பேர் இப்படி இருப்பார்கள்! இதை முதலில் ஒரு வேடிக்கையான முரணாகத்தான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல அது வேடிக்கையாக இல்லாமல் போனது.

ஓடுதளத்தைப் பார் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேன். அது பாதிதான். தரை ஒரு விமானத்தை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்றால், அந்தத் தரையில் வேறு வழியில்லாத மனிதர்கள் இருக்கிறார்கள். சாலை இருந்தால் கொலம்பியாவில் டிசி-3 இருக்காது. ஏ9 திறந்திருந்தால் அந்த அம்மா அன்டோனோவில் ஏறியிருக்க மாட்டார். ஈரானில் 727 அவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் புது விமானம் வாங்க முடியாதபடி இருந்த தடைகள்; அதில் ஏறிய ஈரானியப் பயணிகள் அதைக் கொண்டாடியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பங்களாதேஷின் பீமான் நிறுவனத்து டிசி-10 கதையை இப்போது வேறுவிதமாகப் படிக்கிறேன். உலகின் கடைசிப் பயணிகள் டிசி-10 அது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்த நிறுவனத்தில் உழைத்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஆட்களை ஏற்றிப்போய், விடுமுறையில் பெட்டிகளோடு திரும்பக் கொண்டுவந்த விமானங்களில் அதுவும் ஒன்று. 2014 பிப்ரவரியில் டாக்காவிலிருந்து குவைத் வழியாக பர்மிங்காமுக்குக் கடைசியாகப் பறந்தது. அங்கே சில நாட்கள், ஏறிய இடத்திலேயே இறங்கும் சுற்றுப் பயணங்கள் நடத்தினார்கள். பல நாடுகளிலிருந்து பித்தர்கள் வந்து குவிந்து, சீட்டு சீட்டாக மாறி உட்கார்ந்து, கைதட்டி, சிலர் அழுதும் விடைகொடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். இப்போதும் பொறாமைதான், அதை மறைப்பானேன். ஆனால் அந்தச் சீட்டுகளில் இருபது இருபத்தைந்து வருடம் உட்கார்ந்து போன சில்ஹெட்காரர்களில் எத்தனை பேருக்கு மூன்றாவது எஞ்சின் வாலில் இருப்பது ஒரு விஷயமாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

இதைக் கேட்ட ஒரு நண்பன், அப்படியென்றால் இந்தப் பொழுதுபோக்கே மற்றவர் கஷ்டத்தை வேடிக்கை பார்ப்பதுதானே, விட்டுவிடு என்றான். இல்லை, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் ஏறாவிட்டால் அவர்களுக்குச் சாலை வந்துவிடாது. தவிர, சோவியத் பொறியாளர் நான்கு எஞ்சினையும் வாலில் கொண்டுபோய் வைத்ததில் ஒரு அழகு இருக்கிறது. அதில் பயந்துகொண்டு போனவர்கள் இருந்தார்கள் என்பதால் அந்த அழகு பொய்யாகிவிடாது. என்னைத் தொந்தரவு செய்வது குற்றவுணர்வு இல்லை. அந்த ஐயாவிடம் நான் எஞ்சினையும் ஜன்னல் திரையையும் கேட்ட வேகத்தில், சப்பாத்தைப் பற்றிக் கேட்கவே எனக்குத் தோன்றியிருக்காது, அவராகச் சொல்லாவிட்டால். விமானத்தைப் பற்றிய எத்தனையோ பயணக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவர் ஏன் அதில் ஏறினார் என்று எழுதிய ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

யாழ்ப்பாணம் போய் வந்த பிறகு அசாமின் திப்ருகருக்குப் போனேன். அங்கிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு 2022 ஏப்ரலிலிருந்து அலையன்ஸ் ஏர் டார்னியர் 228 விடுகிறது. கான்பூரில் எச்ஏஎல் கட்டிய விமானம், 17 சீட்டு. கழிப்பறை கிடையாது. எண்பதுகளில் வாயுதூத் விமான நிறுவனம் வைத்திருந்த அதே வகை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னை, தஞ்சாவூர் என்று நம் பக்கமும் வாயுதூத் ஓடியதுண்டு. தரையில் நிற்கும்போது அதன் காரெட் எஞ்சின் போடுகிற ஊளை பல்லைக் கூசவைக்கும். எனக்கு அது சங்கீதம். பிரம்மபுத்திரா கீழே பல கிளையாகப் பிரிந்து விரிந்து கிடந்தது, தாழ்வாகப் பறப்பதால் மணல்திட்டுகளில் மேய்கிற மாடுகள்வரை தெரிந்தன. போகும்போது இதையெல்லாம் பார்த்தேன். திரும்பும்போது பக்கத்தில் ஒரு பெண், மடியில் எக்ஸ்ரே உறை. திப்ருகர் அசாம் மருத்துவக் கல்லூரிக்கு மாமியாரின் ரிப்போர்ட்டைக் காட்டப் போகிறார். என் அரைகுறை இந்தியில் கேட்டேன். போகிபீல் பாலம் வருவதற்கு முன் படகில் ஆற்றைக் கடக்கவே அரைநாள் போகும், பாலம் வந்தபிறகு சாலையிலும் போகலாம், ஆனால் மழைக்காலத்தில் சாலையை நம்ப முடியாது என்றார். விமானம் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, காதைப் பொத்திக் காட்டிச் சிரித்தார். இதையும் என் பட்டியலில், வால் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன். இந்த மாதிரித் தடங்களில் கடைசி ஓரிரு சீட்டுதான் மிச்சம் என்று காட்டினால் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. அடுத்த நாளுக்குப் பார்த்துக்கொள்வேன். எக்ஸ்ரே உறையோடு யாராவது நிற்கக்கூடும்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பறந்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். விமானத்தின் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எஞ்சின் எங்கே இருந்தது என்று கேளுங்கள். வாலில் நான்கு என்றால் பெரும்பாலும் இல்யூஷின்-62. வாலில் மட்டும் மூன்று, இறக்கையில் ஒன்றுமில்லை, ஏரோஃப்ளோட் என்றால் டுப்போலெவ்-154. இறக்கைக்கு ஒன்று, வாலின் அடியில் ஒன்று, கொழும்பிலிருந்து ஏர் லங்கா என்றால் ட்ரைஸ்டார். அடித்தளத்தில் ஏறி, பெட்டியை அங்கேயே ரேக்கில் வைத்துவிட்டு, உள்ளேயே படியேறி மேலே சீட்டுக்குப் போனோம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து உடனே எனக்கு எழுதுங்கள், அது இல்யூஷின்-86. மூக்கில் கண்ணாடி இருந்ததா, உள்ளே பனி இறங்கியதா, காதுக்குள் விசில் கேட்டதா என்பதும் உதவும். கையில் என்ன வைத்திருந்தார்கள், யார் வழியனுப்ப வந்தார்கள், பணத்தை எங்கே ஒளித்துவைத்திருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். வகையை நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன்.